வேறு குறிப்புகள்

பாலுக்கு நாலு பாகை.
அதுக்கு மேல் ஏறினால் பதிவேட்டில் எழுதவேணும்,
பவுசர்க்காரன் முகம் சுளிப்பான்.
மல்லாவிக் குளிரூட்டும் நிலையத்தில்
பதினோரு வருசமாய் என் வேலை
பாலுக்குக் காய்ச்சல் பார்ப்பது.

வெப்பமானியைச் சனி பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுபோவேன்.
களவில்லை. திங்கள் காலை திரும்ப வைத்துவிடுவேன்.
தகரத்தின் கீழே, பகல் இரண்டரைக்கு
முப்பத்தொன்பது.
மகன் ஈரச்சாரம் போர்த்திப் படுத்திருந்தான்.
விசிறி
ஒரு மூலைச் சூட்டை எடுத்து
மற்ற மூலையில் வைத்துக்கொண்டிருந்தது.
அந்த வேலைக்கும் மாதம் முடிய சிவப்புப் பில்.

அனிச்சங்குளத்தில் கௌசலாதேவி ஒரு அறை கட்டியிருந்தாள்.
அரித்த கிறவல் மண், பத்துக்கு ஒரு பங்கு சீமெந்து,
நெம்புகோலில் இரண்டு பேர் தொங்கி அமுக்கிய கல்.
சூளை காணாத கல்.
மேலே ஓடு, சோளகம் வரும் பக்கம் ஜன்னல்.
அடுத்த ஞாயிறு, அதே இரண்டரை:
முப்பது.
தட்டிப் பார்த்தேன். முப்பதுதான்.
ஆறு ஞாயிறு எழுதினேன், பால் கொப்பியின் பின்பக்கத்தில்.

மண் குளிரும் என்று எனக்கு
ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை.
இரண்டாயிரத்து ஒன்பதில் நாற்பது நாள்
மண்ணுக்குள் இருந்தவள்.
அப்போது வெப்பமானி இல்லை.
வேறு பலதும் இல்லை.

வங்கிச் சுவரில் பெரிய பச்சை இலை.
இலைக்குள் ஒரு வீடு,
வீட்டுக்குள் சிரிக்கிற குடும்பம்.
அவர்களிடம் உறுதி இருக்கும்.
என்னிடம் பேர்மிற், அதுவும் மூலப்பிரதி இல்லை,
பிரதேச செயலகம் சீல் குத்திய நகல்.
அதை எடுக்க நாலு லீவு.
பிணைக்கு அரச சம்பளக்காரர் இரண்டு பேர்.
தாதி றெஜினா வந்தாள்.
மற்றவரை மனைவி விடவில்லை.
பிறகு தபாற்கந்தோர் இன்பராசா
ஒரு சொல்லும் கேட்காமல் கையெழுத்து வைத்தார்,
பேனாவையும் மறந்து விட்டுப் போனார்.

வவுனியாவிலிருந்து மதிப்பீட்டாளர், விமலேந்திரன்.
பார்க்கட்டும் என்று கௌசலாவின் அறைக்குக் கூட்டிப்போனேன்.
கல்லைப் பெருவிரலால் உரசினார்.
"இதுக்குப் பெறுமதி போடேலாது தங்கச்சி.
சீமெந்துக் கல், கொங்கிறீற் தட்டு எண்டால் போடலாம்."
கொப்பியை நீட்டினேன்.
படிவத்தில் தேடினார்.
சுவர், கூரை, தரை, மலசலகூடம், பாதையின் அகலம்.
குளிர்மைக்குக் கட்டம் இல்லை.

ஆனால் முற்றத்தில் நின்று நிரப்பவேண்டிய படிவத்தை
உள்ளே இருந்து நிரப்பினார், மெல்ல.
தண்ணி கேட்டார். திரும்பவும் கேட்டார்.
வானின் சாரதி இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான்.
எழும்பும் முன்
கடைசிப் பக்கத்தில் "வேறு குறிப்புகள்" என்ற
இரண்டு கோட்டுக்குள் ஏதோ பொடியாய் எழுதினார்.
எனக்குக் காட்டவில்லை.

கேட்டது பதினைந்து இலட்சம்.
வந்தது எட்டு.
பத்து வருசம், மாதம் பன்னிரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம்.
சோலர் தகட்டை வெட்டினோம்.
மாபிளை நான் முதலே வெட்டியிருந்தேன்.
இவர் ஆசைப்பட்ட முகப்புத் தூண் இரண்டையும் வெட்டினோம்,
அதில் மூன்று நாள் கதை பேச்சில்லை.
ஜன்னலை வெட்டவில்லை.
கூரையின் ஒரு சாய்வைத் தெற்கே விட்டிருக்கு,
தகடு வந்தால் இருக்கட்டும் என்று.
மேசன் முற்றத்துப் பாலை மரத்தைத் தறிக்கச் சொன்னான்.
அது ஒன்றுதான் அண்ணை
வட்டியில்லாமல் வந்தது என்றேன்.

போன கிழமை நிலையத்துக்கு அழைப்பு, வவுனியா இலக்கம்.
தவணை பிந்திவிட்டதோ என்று நெஞ்சு இடித்தது.
"விமலேந்திரன் கதைக்கிறன்.
அந்தக் கல் அமுக்கிற மெசினுக்கு
ஒரு நாள் வாடகை என்ன?"
சொன்னேன்.
அவர் பக்கம் ஏதோ ஒரு ஏசி
இரைந்துகொண்டே இருந்தது.
பவுசர் வந்து நின்றது.
நாலு பாகை.
எழுதினேன்.